டீச்சரைக் கேளுங்க: மூணாங்கிளாஸ்ல லத்தீனா?

போன மாசம் ஒரு வாசகிக்கு "பிள்ளை வசனம் மனப்பாடம் பண்றது நல்லதுதான், ஆனா அதோட நிறுத்திடாதீங்க"ன்னு நாலே வரில பதில் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு நினைக்கல. பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருக்கீங்க, அதனால இந்த மாசம் மாமியார், பென்ஷன், முடி கொட்டறது எல்லாத்துக்கும் லீவு.

டீச்சர், என் நாத்தனார் குடும்பம் டெக்சாஸ்ல இருக்காங்க. அவங்க பொண்ணு ஏதோ 'கிளாசிக்கல் கிறிஸ்டியன்' ஸ்கூலாம், மூணாங்கிளாஸ்தான் படிக்குது, வீடியோ கால்ல லத்தீன்ல பாட்டு பாடுது. "நீங்க பிள்ளைய மார்க்குக்கு வளக்கறீங்க, நாங்க ஞானத்துக்கு வளக்கறோம்"னு நாத்தனார் சொன்னது இன்னும் காதுல நிக்குது. அது என்ன படிப்பு? நம்ம பசங்களுக்கு ஏதாவது மிஸ் ஆகுதா?
— ஒரு அம்மா, பெரம்பூர்

நாத்தனார் சொன்னதுல பாதி உண்மை, பாதி நாத்தனார். உண்மையான பாதிய மட்டும் பாப்போம்.

ஐரோப்பால மத்திய காலத்துல படிப்புன்னா ஏழு கலைன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. முதல்ல மூணு: இலக்கணம், தர்க்கம், அப்புறம் எடுத்துச் சொல்ற பேச்சுக் கலை. அதுக்கு மேல நாலு: எண் கணக்கு, வடிவக் கணக்கு, சங்கீதம், வானசாஸ்திரம். முதல் மூணுக்கும் சேத்து லத்தீன்ல டிரிவியம்னு பேரு, மூணு ரோடு சேர்ற இடம்னு அர்த்தம், நம்ம பாஷைல சொன்னா முச்சந்தி. பின்னாடி காலத்துல இந்த அமைப்பு மங்கிப் போச்சு. 1947ல ஆக்ஸ்ஃபோர்டுல டோரதி சேயர்ஸ்னு ஒரு அம்மா ஒரு உரை நிகழ்த்தினாங்க, துப்பறியும் நாவல் எழுதிப் பேர் வாங்கினவங்க. பசங்களுக்கு பாடம் பாடமா கொட்டறோம், ஆனா எப்படிக் கத்துக்கறதுன்னு மட்டும் சொல்லித் தர்றதில்லன்னு அவங்க குறை. அந்த முச்சந்திய பிள்ளைங்க வயசோட கோத்து விட்டாங்க. சின்ன வயசு கிளிப் பருவம், சொன்னதைத் திருப்பிச் சொல்றதுலயே சந்தோஷம், அப்ப இலக்கணமும் மனப்பாடமும். அப்புறம் எதிர்த்துப் பேசற பருவம், அந்த வாய்த்துடுக்கை அப்படியே தர்க்கத்துல திருப்பி விடு. அதுக்கப்புறம் கனவு காணற பருவம், அப்ப அழகா எழுதவும் பேசவும் பழக்கு. இதைப் பிடிச்சுக்கிட்டு 1981ல அமெரிக்கால ஐடஹோ மாநிலத்துல மாஸ்கோன்னு ஒரு ஊர்ல (ஆமா, அங்கயும் ஒரு மாஸ்கோ இருக்கு) ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, 90கள்ல இருந்து அது மாதிரி நிறைய ஸ்கூல் வந்துச்சு, வீட்லயே வச்சு சொல்லித் தர்ற குடும்பங்களும் உண்டு.

ஒண்ணு கவனிக்கணும். வயசோட முடிச்சு போட்டது சேயர்ஸ் அம்மாவோட சொந்த யோசனை, மத்திய காலத்துல அப்படி வயசு வாரியா பிரிச்சு வைக்கல. தனக்குச் சொல்லிக் குடுத்த அனுபவம் ரொம்பக் கம்மின்னும், தன்னோட சின்ன வயசைத் திரும்பிப் பாத்துத்தான் இதைச் சொல்றேன்னும் அவங்களே அந்த உரைல ஒத்துக்கிட்டாங்க. அதனால நாத்தனார் இதை மோசே மலைல கடவுள்கிட்ட வாங்கிட்டு வந்த பத்துக் கட்டளைப் பலகை மாதிரி பேசினா லேசா சிரிச்சு வைங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தக் கிளி. ஏன்னா நம்ம நன்னூல்லயும் ஒரு கிளி இருக்கு. மாணாக்கர்ல எட்டு வகை சொல்றார் பவணந்தி முனிவர்: அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை. முதல் ரெண்டும் தலை மாணாக்கர், கடைசி நாலும் கடை. கிளிக்கு நடு பெஞ்ச். சொல்லிக் குடுத்ததைத் தவிர அதுக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாதுல்ல, அதான். முதல் பெஞ்ச் அன்னத்துக்கு, பாலையும் தண்ணியையும் பிரிக்கத் தெரிஞ்சதுக்கு. நம்ம ஊர்ல பிரச்சனை என்னன்னா கிளிய அப்படியே பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் கிளியாவே கூட்டிட்டுப் போய், நிறைய மார்க் வாங்கின கிளின்னு வாசல்ல பேனர் கட்டிடறோம்.

ஒரு விபிஎஸ்ல, அதான் லீவுல சர்ச்ல பசங்களுக்கு நடத்தற பைபிள் வகுப்புல, நடந்தது சொல்றேன். நாலாங்கிளாஸ் பையன், பைபிள்ல "கர்த்தர் என் மேய்ப்பர்"னு ஆரம்பிக்கற 23ஆம் சங்கீதத்தை ஒரே மூச்சுல சொல்லி முடிச்சான், கைதட்டல், ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு. இறங்கி வந்தவன்கிட்ட சும்மா கேட்டேன், "நான் தாழ்ச்சியடையேன்னு சொன்னியே, அப்படின்னா என்னடா?" யோசிக்கவே இல்ல. "கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன் டீச்சர்." எனக்கு ஒரு குறைவும் வராதுங்கிறதுதான் அதோட அர்த்தம். சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன். ராத்திரி படுத்தப்பதான் உறைச்சுது, அந்தப் பையன் தப்பா சொல்லல, தனக்குத் தெரிஞ்ச தமிழை வச்சு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சிருக்கான், நல்லா யோசிச்சா மேய்ப்பன் காவலுக்கு இருக்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? அவனுக்கு ஒரு குறையும் இல்லாத மூளை. அதுக்கு மேல ஒரு படி ஏத்தி விட ஆள்தான் இல்ல.

சரி, இதுல 'கிறிஸ்டியன்' எங்க வருது? காலைல ஜெபம், வாரத்துக்கு ரெண்டு பைபிள் பீரியட், அது நம்ம கான்வென்ட்லயும் இருக்கே. இவங்க சொல்ற நோக்கம் வேற. அந்தக் காலத்து கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் சொன்னது ஒண்ணு உண்டு, மனுஷன் கெட்டுப் போறது கெட்டதை நேசிக்கறதால மட்டும் இல்ல, நல்ல விஷயங்களையே வரிசை மாறி நேசிக்கறதாலயும்தான்னு. கடவுளை எங்க வைக்கணும், மனுஷனை எங்க வைக்கணும், மார்க்கை எங்க வைக்கணும்ங்கிற வரிசை. கணக்கு, கவிதை, சரித்திரம் எல்லாமே அந்த வரிசைய சரி பண்றதுக்குத்தான்னு ஒரு நம்பிக்கை.

எனக்கு 34 வருஷ சர்வீஸ். ஒரு நாள் ஹாஃப் இயர்லி பேப்பர் குடுத்துட்டு இருந்தேன், 98 வாங்கின பொண்ணு ரெண்டு மார்க்குக்காக தேம்பித் தேம்பி அழுவுது, நாலு பேர் சுத்தி நின்னு சமாதானம் பண்றாங்க. அதே நேரம் வெளிய வராண்டால ஆயாம்மா தண்ணிக் குடத்தோட வழுக்கி விழுந்தாங்க, சத்தம் நல்லா கேட்டுச்சு. ஒரு பிள்ளை எந்திரிக்கல. முதல் ரேங்க் வாங்கற கிளாஸ் அது, வேதபாடத்துல எல்லாரும் 90க்கு மேல. எதைக் கத்துக் குடுக்க விட்டோம்னு எனக்கு அன்னிக்கு விளங்குச்சு.

அதனால பெரம்பூர் அம்மா, வாசல்ல இருக்கிற பேர் போர்டைப் பாத்து ஸ்கூல் தேடாதீங்க. உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல கேள்வி கேக்க விடறாங்களா, கேட்டா மதிச்சு பதில் சொல்றாங்களான்னு பாருங்க. லத்தீன் பாட்டுக்கு பதிலா உங்க பொண்ணு ஔவையாரைச் சொல்லட்டும். எபிரேயத்துல 119ஆம் சங்கீதம் அகர வரிசைலதான் இருக்கு, 22 எழுத்து, எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. ஆத்திசூடியும் அகர வரிசைதான். பிள்ளைங்க மனசுல எதையாவது நிறுத்தணும்னா எழுத்து வரிசைல கோக்கணும்னு அங்கயும் தெரிஞ்சிருக்கு, இங்கயும் தெரிஞ்சிருக்கு.

லத்தீன் படிச்சா இன்ஜினியரிங் கவுன்சலிங்ல ஏதாவது உதவுமா மேடம்?
— ஒரு அப்பா, போரூர்

உதவாது.

சகோதரி, கிரேக்கப் புலவர்கள், தத்துவஞானிகள் எல்லாம் விக்கிரக ஆராதனைக்காரர்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அவர்கள் நூல் எதற்கு? வேதம் ஒன்று போதாதா?
— சபை மூப்பர் ஒருவர், வியாசர்பாடி

ஐயா, உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இதைக் கேட்டுட்டார். கி.பி. 200 வாக்குல தெர்த்துல்லியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர், "ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்"னு. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் ஏன் முடிச்சு போடறீங்கன்னு நாம கேப்போமே, அந்த தொனி. ஆனா பவுல் ஏதென்ஸ்ல நின்னு பிரசங்கம் பண்ணப்ப கிரேக்கக் கவிஞர் வரியத்தான் எடுத்துச் சொன்னார், அப்போஸ்தலர் 17:28 திறந்து பாருங்க, "உங்கள் புலவர்களிலும் சிலர்"னு நம்ம தமிழ் பைபிள்லயே இருக்கு. மோசே எகிப்தியரோட சகல சாஸ்திரமும் படிச்சவர்னு அதே புஸ்தகத்துல 7:22 சொல்லுது. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுக் கிளம்பறப்ப அங்கத்திய பொன்னு வெள்ளியெல்லாம் வாங்கிட்டுப் போனாங்கல்ல, அதே மாதிரி மத்தவங்க கிட்ட இருக்கிற உண்மைய எடுத்து நல்லதுக்குப் பயன்படுத்துன்னு அகஸ்டின் விளக்கம் சொன்னார். அதே பொன்னுல கும்பிடறதுக்கு கன்னுக்குட்டியும் செஞ்சாங்களேன்னு நீங்க கேட்டா, நியாயமான கேள்வி, அதுக்குத்தான் தர்க்கம் படிக்கணும்.

நம்ம ஊருக்கு வருவோம். மெரினால வீரமாமுனிவர் சிலை இருக்கு, போப் ஐயர் சிலையும் இருக்கு, நடக்கப் போறப்ப பாத்திருப்பீங்க. வீரமாமுனிவர், இத்தாலில இருந்து வந்த பெஸ்கி, இயேசு சபைக்காரர். அந்த சபை ஸ்கூலுங்களுக்கு 1599லயே ஒரு பாடத்திட்டம் எழுதி வச்சாங்க, இலக்கணம், இலக்கியம், பேச்சுக் கலைன்னு படிப்படியா ஏறும். அந்த மரபுல வளந்த மனுஷன் இங்க வந்து தமிழ்ல தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், தொன்னூல் விளக்கம்னு இலக்கணமே எழுதினார். லத்தீன் படிச்சது அவரைத் தமிழை விட்டுத் தள்ளி வைக்கல. போப் ஐயர் சாயர்புரத்துல நடத்தின பள்ளிக்கூடத்துல கிரேக்கு, லத்தீன், எபிரேயம் எல்லாம் உண்டு. அவர்தான் பின்னாடி 1886ல திருக்குறளை இங்கிலீஷ்ல கொண்டு வந்தார்.

இன்னொண்ணு சொன்னா உங்களுக்கு சங்கடமா இருக்கலாம், ஆனாலும் சொல்லிடறேன். யாழ்ப்பாணத்துல வட்டுக்கோட்டைல அமெரிக்க மிஷன்காரங்க 1823ல ஒரு செமினரி ஆரம்பிச்சாங்க, தமிழ், இங்கிலீஷ், கணிதம், வானசாஸ்திரம்னு கனமான படிப்பு. 1857ல நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி முதல் பி.ஏ. பரீட்சை வச்சப்ப தேறின ரெண்டு பேரும் அங்க படிச்சவங்க. அதுல ஒருத்தர் சி.வை. தாமோதரம்பிள்ளை. அவர் பின்னாடி சைவத்துக்கே திரும்பிட்டார். ஏட்டுச்சுவடி தேடித் தேடி தொல்காப்பிய உரைகளையும் 1887ல கலித்தொகையையும் அச்சுல ஏத்தினார். அப்ப அந்த மிஷன் படிப்பு தோத்துப் போச்சா? மிஷன்ல அப்படி நினைச்சவங்க இருந்திருப்பாங்க. ஒரு சுவடில இருக்கிற பாடத்தை இன்னொரு சுவடில இருக்கிறதோட ஒப்பிட்டு, எது சரின்னு காரணம் சொல்லி, பொறுமையா பதிப்பிக்கிற அந்த ஒழுங்கை அந்தப் படிப்பு அவருக்குப் பழக்கி விட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன். யோசிக்கக் கத்துக் குடுத்தா பிள்ளை நாம நினைச்ச முடிவுக்குத்தான் வரணும்னு கேரண்டி கிடையாது ஐயா. அந்த பயம் இருக்கிறவங்க கிளி வளக்கறதோட நிறுத்திக்கலாம்.

அக்கா, நான் ஆட்டோ ஓட்றேன். ரெண்டு பசங்க, கார்ப்பரேஷன் ஸ்கூல். இந்த மாதிரி படிப்புக்கு எல்லாம் நம்மகிட்ட பணம் ஏது. வீட்ல ஏதாச்சும் செய்ய முடியுமா?
— அயனாவரம்

முடியும் தம்பி, இதுல பணம் கம்மியாத்தான் ஆவும், நேரம்தான் ஆவும், உங்களுக்கு அதுவும் கஷ்டம்னு தெரியும். ராத்திரி ஒரு கால் மணி நேரம் போதும். பெரிய பிள்ளைய சத்தமா படிக்கச் சொல்லுங்க, பைபிளோ குறளோ கதையோ. படிச்சு முடிச்சதும் புஸ்தகத்தை மூடிட்டு சின்னது தன் வாயால அந்தக் கதைய சொல்லணும். முதல் வாரம் "ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தாரு, அப்புறம் செத்துட்டாரு"ன்னு முடிச்சிடும், விடுங்க, போகப் போக நீளும். அப்புறம் நீங்க ஒரு கேள்வி கேளுங்க, அதுக்குப் பதில் உங்களுக்கே தெரியாததா இருக்கணும். பைபிள்ல கெட்ட குமாரன் கதைல, சொத்தை அழிச்சிட்டுத் திரும்பி வந்த தம்பிக்கு அப்பா விருந்து வச்சப்ப மூத்த அண்ணன் கோவப்பட்டது நியாயமா இல்லயா? ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பேசட்டும், அடுத்த நாள் பக்கத்தை மாத்திக்கணும், அங்கதான் வேடிக்கையே. பட்டிமன்றம் டிவிக்காரங்க கண்டுபிடிச்சது இல்ல தம்பி, மணிமேகலைலயே பட்டிமண்டபம் இருக்கு, சமயவாதிங்க மேடை ஏறி வாதாடற இடம்.

லீவு நாள்ல கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பசங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, ஏசில உக்காந்து படிக்கலாம். சவாரி விட்டுட்டு நீங்களும் உள்ள ஒரு மணி நேரம் உக்காருங்க, அப்பா படிக்கறதைப் பாக்கறது தனிப் பாடம்.

மெட்ராஸ்ல பழைய மிஷன் ஸ்கூலுங்க எல்லாம் இந்தப் படிப்பைத்தானே குடுத்தாங்க? அப்ப இப்ப புதுசா என்ன?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

ஓரளவுக்குத்தான்மா. உங்க ஊர்ல இருக்கிற கிறிஸ்டியன் காலேஜ் 1837ல ஒரு ஸ்கூலா ஆரம்பிச்சது, தாம்பரத்துக்குப் போனது 1937ல. பைபிளும் இருந்துச்சு, தத்துவமும் இருந்துச்சு. ஆனா படிக்க வந்தவங்க நிறையப் பேருக்கு வேண்டியது இங்கிலீஷும் கவர்மெண்ட் வேலையும்தான். கேட்ட சரக்கைத்தானே கடைல வைப்பாங்க.

எக்மோர் கதை ஒண்ணு இருக்கு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார், 1789ல அங்க சோல்ஜருங்களோட அனாதைப் பசங்களுக்கான ஸ்கூலை ஏத்துக்கிட்டார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பாத்துட்டு அதை இங்க பண்ணச் சொன்னா வாத்தியாருங்க மாட்டேன்னுட்டாங்க. சரி போங்கடான்னு ஒரு எட்டு வயசுப் பையனை விட்டு சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்க வச்சார், வேலை நடந்துடுச்சு. நம்ம சட்டாம்பிள்ளை முறைதான், 1797ல லண்டன்ல புஸ்தகம் போட்டு மெட்ராஸ் சிஸ்டம்னு இங்கிலாந்து முழுக்கப் பரவிடுச்சு, ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல மெட்ராஸ் காலேஜ்னே ஒரு ஸ்கூல் இருக்கு. ஒரே வாத்தியார் நூத்துக்கணக்கான பசங்களை சமாளிக்கலாம்ங்கிறதால ஏழைப் பிள்ளைங்களுக்கு எழுத்து கிடைச்சுது, அது சின்ன விஷயம் இல்ல. ஆனா சட்டாம்பிள்ளையால எழுத்தை சொல்லிக் குடுக்க முடியும், வாதாட சொல்லிக் குடுக்க முடியாது. மலிவா நிறையப் பேருக்குக் குடுக்கற எந்தப் படிப்பும் முதல்ல கழட்டி விடறது கேள்வியத்தான். நான் வேலை பாத்த ஒரு இடத்துல வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல பசங்களை விவாதம் பண்ண வச்சேன், ரெண்டு மாசம் நல்லா போச்சு, அப்புறம் கரெஸ்பாண்டென்ட் கூப்பிட்டு "அந்த பீரியட்ல இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ் குடுங்க, ரிசல்ட் வேணும்"னார். குடுத்தேன். நான் ஒண்ணும் சண்டை போடல, வீட்ல லோன் இருந்துச்சு.

மிஸ், நான் ஒன்பதாவது படிக்கிறேன். சண்டே ஸ்கூல்ல ஏதாவது டவுட் கேட்டா "உனக்கு விசுவாசம் இல்ல"ன்னு சொல்லி உக்கார வச்சிடறாங்க. கேள்வி கேக்கறது பாவமா?
— பெயர் வேண்டாம், சாந்தோம்

பேரே வேண்டாம்னு சாந்தோம்ல இருந்து எழுதறே பாரு. உங்க ஊர் பேரே சந்தேகப்பட்ட ஆளோட பேருதான்டா, சாந்தோம்னா புனித தோமா. இயேசு உயிரோட எழுந்தார்னு சொன்னப்ப, அவர் காயத்துல விரலை விட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னார் அவரோட சீஷர் தோமா, யோவான் 20. இயேசு அவரை வெளிய நிக்க வைக்கல, விரலை நீட்டுன்னார். அந்தத் தோமாதான் இங்க வந்து பரங்கிமலைல உயிரை விட்டார்னு பரம்பரையா சொல்றாங்க, அவர் கல்லறை மேல கட்டின கோயில்னு சொல்றதுக்குப் பக்கத்துலதான் நீ சைக்கிள் ஓட்டிட்டு இருக்கே. யோபு புஸ்தகத்தை எடுத்துப் படி, அதுல நிறைய இடத்துல ஒரு மனுஷன் கடவுளைக் கேள்வி கேட்டுட்டே இருப்பார்.

அதே நேரம், டீச்சரை மடக்கறதுக்காகக் கேக்கறியா, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேக்கறியான்னு உனக்கே தெரியும். முதல்லதுன்னாலும் கேளு, உன் வயசுக்கு அதுதான் சரி, ஆனா பதில் வர்றப்ப காதைத் திறந்து வை.

உங்க டீச்சர் மேல ரொம்பக் கோவப்படாதே, அவங்களுக்கு பதில் தெரியாம இருந்திருக்கும், தெரியாதுன்னு சொல்ல பயமா இருந்திருக்கும். எனக்கு இருந்துச்சு. 25 வருஷம் முன்னாடி ஒரு பையன் வேதபாட கிளாஸ்ல எந்திரிச்சு "ஆதாம் ஏவாளோட மகன் காயீனுக்கு பொண்டாட்டி எங்கருந்து மிஸ் வந்தா?"ன்னு கேட்டான், கிளாஸே சிரிச்சுது, எனக்கு மூஞ்சி சிவந்து "வெளிய போய் நில்லு"ன்னுட்டேன், பீரியட் முடியற வரைக்கும் நின்னான். போன வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்ல போன் ரிப்பேருக்குப் போனா கடைல அவன்தான், தலை நரைக்க ஆரம்பிச்சிடுச்சு, என்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டான். காசு வாங்கல. "அந்தக் கேள்விக்கு பதில் சொல்லவே இல்லயே மிஸ்"னு சிரிச்சான். "ஆதியாகமம் 5:4ல ஆதாமுக்குப் பிள்ளைங்க நிறைய, பொண்ணுங்களும் உண்டுன்னு இருக்குப்பா, அதுல ஒருத்தியா இருக்கலாம்னு சொல்றாங்க, அதுக்கு மேல எனக்கும் தெரியல"ன்னேன். போனைத் துடைச்சு கைல குடுத்துட்டு சொன்னான், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல மிஸ், வெளிய செம வெயிலு."